தோள் மட்டம்

என் அண்ணன் கோபத்தில் எறிந்த எதுவும் குறி தப்பியதில்லை. நூல் சுற்றிய பாபினை எறிந்தால் நெற்றி, மர ஸ்கேலை எறிந்தால் முழங்கால். துணி வெட்டும்போது கை எவ்வளவு சுத்தமோ, அடிக்கும்போதும் அவ்வளவு சுத்தம். வாங்குவது அண்ணி. குறுக்கே போனால் எனக்கும் உண்டு. என் கடைவாய்ப் பல் ஒன்று அப்படித்தான் போனது. அன்றைக்கு நான் கடித்த தழும்பு அவன் முன்கையில் இன்னும் இருக்கிறது என்பதால் பல் போனதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை.

குண்டூசி என்றுதான் என்னை எல்லாரும் கூப்பிடுவார்கள். ஆள் குட்டை, பேச்சு குத்தும். கட்டியவன் சரியில்லை என்று உதறிவிட்டு வந்து அண்ணன் கடையில் தைக்கிறேன். கடை மாடியில் இருக்கிறது. ஒரு நீள அறை, நடுவில் கட்டிங் டேபிள், ஜன்னலோரம் இரண்டு மெஷின், மூலையில் இஸ்திரி மேஜை. பின்னால் ஒரு பலகைத் தடுப்பு. அதற்கு அப்பால் எங்கள் மூன்று பேரின் குடித்தனம். கீழே இரும்பு கடைகிற லேத் பட்டறை. அது ஓடும்போது மேலே யார் கத்தினாலும் தெருவுக்குக் கேட்காது. லேத் ஓடும் நேரமாகப் பார்த்துத்தான் இவன் கையை ஓங்குகிறான் என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம்.

கல்லானாலும் கணவன் என்கிறார்கள். கல் எவ்வளவோ தேவலை. போட்ட இடத்தில் கிடக்கும், எழுந்து வந்து அடிக்காது.

வெளியே அவனுக்கு மாஸ்டர் என்று பேர். அவனுடைய வித்தை தோள். மேடை ஏறுகிற பாட்டுக்காரர்களும் ஆட்டக்காரர்களும் கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் தெரிய வேண்டும் என்று ஆளைவிடப் பெரிய தோள் கேட்பார்கள். சிறகு மாதிரி விரிந்தது, கொம்பு மாதிரி வளைந்தது, படிக்கட்டு மாதிரி அடுக்கடுக்காய் ஏறுவது, எது கேட்டாலும் கட்டிக் கொடுப்பான். பிரம்பைத் தண்ணீரில் ஊறப்போட்டு வளைத்து, விறைப்பான பக்ரம் துணியை மூன்று அடுக்காக அதன்மேல் இழுத்துத் தைத்து, உள்ளே ஸ்பாஞ்சும் பஞ்சும் வைத்து நிமிர்த்துவான். எடுபிடி வேலை முழுக்க நானும் அண்ணியும். பேர் மட்டும் அவனுக்கு.

பொம்மையில் மாட்டிப் பார்க்கிற வழக்கம் அவனிடம் கிடையாது. "பொம்மை மூச்சு விடாது. மூச்சு விடுற உடம்புல நிக்கிறதுதான் தோளு" என்பான். அந்த உடம்பு அண்ணியுடையது. எந்தப் புது மாதிரி என்றாலும் முதலில் அவள் மேல்தான் கட்டுவான். இரண்டு தோளையும் குண்டூசியால் நிறுத்திவிட்டு, உச்சிக்கு உச்சி மர ஸ்கேலைப் படுக்க வைத்து, கொத்தனார் ரசமட்டம் பார்ப்பது போல ஒற்றைக் கண்ணால் பார்ப்பான். தாழ்ந்த பக்கம் அடியில் பஞ்சைக் கூட்டுவான், உயர்ந்த பக்கம் உருவுவான். ஸ்கேல் அசையாமல் நின்றால் வேலை முடிந்தது. அந்த அளவில்தான் மற்றதெல்லாம் வெட்டுவான். மாஸ்டர் வைத்த தோள் சாயாது என்று தொழிலில் ஒரு பேச்சு உண்டு.

அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் பாடகி வந்தாள். வாட்டசாட்டமான பெண், குரல் மாடிப்படியிலேயே ஆளுக்கு முன்னால் ஏறி வந்தது. அவளுக்கும் கூடப் பாடும் பெண்களுக்கும் சேர்த்து எட்டுக் கோட்டு வேண்டும். வலது தோள் கத்திமுனை மாதிரி வெளியே நீள வேண்டும், இடது தோள் கவிழ்த்த குண்டான் மாதிரி உருண்டு நிற்க வேண்டும்.

"ரெண்டும் வேற வேற உருவம். ஆனா உச்சி ரெண்டும் ஒரே மட்டம். மேல தண்ணி டம்ளர் வெச்சா சாயக் கூடாது, மாஸ்டர்."

"அதெல்லாம் நம்ம கைக்குப் பழக்கம்மா" என்றான்.

பழைய கோட்டு ஒன்றை அண்ணிக்கு மாட்டிக் காட்டினான். பாடகி அவளைச் சுற்றி வந்து பார்த்தாள். பிறகு கோட்டைக் கழற்றச் சொல்லிவிட்டு மறுபடியும் சுற்றி வந்தாள்.

"அடேயப்பா, இவங்க தோளைப் பாருங்க, தராசு மாதிரி! இப்பல்ல புரியுது ரகசியம். உங்க கைவேலை பாதி, உங்க வீட்டம்மா தோளு பாதி" என்று சொல்லிச் சிரித்தாள்.

அவனும் சிரித்தான். ஆனால் காது சிவந்துவிட்டது. அவன் காது சிவந்தால் அன்றைக்கு அடி நிச்சயம்.

பாடகி படி இறங்கிப் போனாள். கீழே லேத் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. இஸ்திரி மேஜையில் ஒரு மரக்கட்டை கிடக்கும். கெட்டித் துணியில் தையலை அடித்து அமுக்குவதற்கு வைத்திருப்பது, செங்கல் கனம். அதை எடுத்துக்கொண்டு அண்ணியிடம் போனான்.

"பாதி உன்னுதாமே? எந்தப் பாதி? இந்தப் பாதியா?"

கட்டை அவள் இடது தோளோரக் கழுத்தெலும்பில் இறங்கியது. காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம் கேட்டது. அண்ணி கத்தவில்லை. அப்படியே டேபிள் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள், முகம் வெளுத்துப் போய். நான் அவன் முதுகில் பாய்ந்து முடியைப் பிடித்துத் தொங்கினேன். பூனையை உதறுவது போல உதறினான். மெஷின் சக்கரத்தில் இடுப்பு இடித்துக் கீழே விழுந்தேன்.

"வாங்க அண்ணி, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றேன்.

அவன் வாசலில் நின்றான். "சுளுக்கு. எண்ணெய் தடவினா போயிடும். டாக்டர்கிட்ட போனா அவன் எப்படி ஆச்சும்பான், ஏன் ஆச்சும்பான். ஊர் சிரிக்கும். போறதுன்னா ரெண்டு பேரும் மொத்தமா போயிடுங்க. திரும்பி இந்தப் படி ஏறக் கூடாது."

"போலாம் அண்ணி, இவன் கிடக்கிறான்."

அண்ணி தலையை ஆட்டினாள். "எங்கடி போறது?"

லைனிங் துணியைக் கிழித்து அவள் கையை மார்போடு சேர்த்துக் கட்டினேன். கட்டும்போது என் விரலுக்கடியில் எலும்பு அசைந்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது. அடிக்கிற கைதான் அணைக்கும் என்று சொன்னவன் நிச்சயம் ஒருநாளும் அடி வாங்கியிருக்க மாட்டான். இவன் என்றைக்காவது இவளைக் கொன்றுவிடுவான், அதற்குள் இவளை உயிரோடு ஒரு டாக்டர் முன்னால் நிறுத்திவிட வேண்டும். அன்றிலிருந்து எனக்கு அந்த ஒரு நினைப்புதான்.

நாலைந்து நாள் விட்டான். பிறகு நான் கட்டிய துணியை அவனே அவிழ்த்தான். "நில்லு, தோள் வைக்கணும்."

நின்றாள். வலது தோளுக்குப் பிரம்பை நீட்டிக் கட்டினான். இடது தோளுக்கு வளையம் வளையமாகப் பிரம்பை உருட்டி மேலே பக்ரத்தை இழுத்தான். ஒவ்வொரு குண்டூசிக்கும் அண்ணியின் மேலுதட்டில் வேர்வை பொடித்தது. ஸ்கேலை வைத்துப் பார்த்தான், இடது பக்கம் சரிந்தது. பஞ்சைத் திணித்தான். இன்னும் சரிந்தது. இன்னும் திணித்தான். ஏன் இத்தனை பஞ்சு கேட்கிறது என்று அவன் யோசிக்கவில்லை. இடது தோள் உருண்டை, வலது தோள் கத்தி. ஒன்றை மற்றதோடு ஒப்பிட வழியில்லை என்பதால் எனக்கும் தோன்றவில்லை. அவன் கண் ஸ்கேலை விட்டுக் கீழே இறங்கவே இல்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். கர்வக்காரனுக்குக் கண்ணும் மட்டு.

"கொஞ்சம் உக்காருங்க அண்ணி" என்றேன்.

"இரு, முடியட்டும்" என்றாள். குரலில் ஒரு நிம்மதி இருந்தது. வலியில் பேதலித்துவிட்டாளோ என்று பயந்தேன்.

ஸ்கேல் அசையாமல் நின்றது. அந்த அளவிலேயே எட்டுக்கும் வெட்டினான். இரவு பகல் பார்க்காமல் நான் தைத்தேன். அண்ணி ஒற்றைக் கையால் நூல் கத்தரித்துக் கொடுத்தாள்.

கச்சேரி அரங்கத்தின் ஒப்பனை அறைக்கு மூன்று பேரும் கோட்டுகளைக் கொண்டுபோனோம். சுவர் நீளத்துக்குக் கண்ணாடி. பாடகியும் பெண்களும் மாட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். கண்ணாடியில் தங்களைப் பார்த்தார்கள். பிறகு ஒருத்தி களுக்கென்று சிரித்தாள்.

எட்டுப் பேருக்கும் இடது தோள் காதைத் தொட்டுக்கொண்டு நின்றது. வரிசை மொத்தமும் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒட்டுக்கேட்பது போல இருந்தது.

"நேரா நில்லுங்கம்மா" என்றான் மாஸ்டர்.

"நேராத்தான் நிக்கிறோம்."

ஸ்கேலை எடுத்துப் பாடகியின் தோளில் வைத்தான். சறுக்கி விழுந்தது. அடுத்தவள் தோளில் வைத்தான். அங்கேயும் விழுந்தது. அதைக் குனிந்து எடுக்கவில்லை.

"துணி இழுத்திருக்கும்" என்றான். உடனே என் பக்கம் திரும்பினான். "எல்லாம் இவ தைச்ச லட்சணம்."

"அளவு உன்னுது, வெட்டு உன்னுது. என் தையல்ல ஒரு நூல் பிசகியிருந்தா காட்டு, இந்தத் தொழிலையே விட்டுடறேன்" என்றேன்.

பாடகி எங்கள் சண்டையைக் கேட்கவில்லை. தன் கோட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு, கதவோரம் நின்ற அண்ணியிடம் போனாள். அவளே மாட்டிவிட்டாள். கீழே கிடந்த ஸ்கேலை எடுத்து உச்சிக்கு உச்சி வைத்தாள். ஆணி அடித்தது போல நின்றது.

அறையில் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பாடகி ஸ்கேலை எடுத்துவிட்டு, கோட்டின் கழுத்தை மெல்ல விலக்கி இடது எலும்பின் மேல் விரலை வைத்தாள். அண்ணியின் உடம்பு துள்ளியது. அங்கே ஒரு நெல்லிக்காய் அளவுக்குப் புடைத்துக் கறுத்திருந்தது.

"உடைஞ்சிருக்கு" என்றாள் பாடகி. "உடைஞ்சு தொங்குது."

"மாடிப்படியில விழுந்துட்டா" என்றான் அவன்.

"படி மேல பழி போடாதய்யா. அவளை எங்க அடிச்சேன்னு எட்டுக் கோட்டுலயும் நீயே தைச்சுக் கொண்டாந்திருக்கே." பெண்களைப் பார்த்துத் திரும்பினாள். "கழட்டுங்கடி. இது எதுவும் நமக்கு வேணாம்." பிறகு குரலைத் தணித்து அண்ணியிடம், "என்கூட வந்துடறியாம்மா?" என்று கேட்டாள்.

எனக்கு உயிர் வந்தது. சரி என்று சொல்லுங்க அண்ணி என்று வாய்க்குள் முனகினேன்.

அண்ணி கோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். "வரலைம்மா. அங்க எனக்கு ஒரு பேச்சு பாக்கி இருக்கு."

திரும்பும்போது வண்டியில் அவன் கோட்டு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டு வந்தான். இறங்கும்போது அண்ணியின் காதில், "இப்படியே ஓடிடலாம்" என்றேன். அவள் படியேறினாள். நானும் பின்னாலேயே ஏறினேன், வேறு என்ன செய்வது.

லேத் ஓடிக்கொண்டிருந்தது. அவன் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். மூட்டையைத் தரையில் கவிழ்த்தான். எட்டுக் கோட்டும் விறைத்த தோளோடு கீழே கிடந்தன.

"வேணும்னே கோணலா நின்னியாடி?"

"நான் கோணலா நிக்கல" என்றாள் அண்ணி. நிதானமாக, காய்கறிக்காரனிடம் பேசுவது போலப் பேசினாள். "வலிச்சபடி நின்னேன். இத்தனை வருஷமா நீங்க அடிச்ச மறுநாளெல்லாம் பல்லைக் கடிச்சிக்கிட்டு நேரா நின்னேன். விலாவுல ஒதைச்சீங்க, நேரா நின்னேன். கையை முறுக்கினீங்க, நேரா நின்னேன். உங்க தோளெல்லாம் சமமா வந்துச்சு. இந்தத் தடவையும் என்னால நிக்க முடிஞ்சிருக்கும். நிக்கல. அவ்வளவுதான்."

பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருந்த எனக்கே தெரியாதே. அவன் வித்தை என்று ஊர் மெச்சியதெல்லாம் இவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற நிலை.

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் கனவில்கூடப் பார்க்க விரும்பவில்லை. "இடது இறங்கிடுச்சு, அதானே குறை? வலதையும் இறக்கிடறேன். அப்புறம் சமமாயிடும்."

அவள் தலைமுடியைச் சுற்றிப் பிடித்து, கட்டிங் டேபிள் மேல் குப்புற அழுத்தினான். உடைந்த எலும்பு பலகையில் பட்டதும் அண்ணி அலறினாள். இத்தனை வருஷத்தில் நான் கேட்ட முதல் அலறல். அவன் மரக்கட்டையை ஓங்கினான்.

ஆறிக் கிடந்த இஸ்திரிப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி அவன் முதுகில் போட்டேன். தலைக்குத்தான் குறி வைத்தேன், எட்டவில்லை. கட்டை கைநழுவி விழுந்தது. திரும்பினான். என் முகத்தில் விட்ட குத்தில் மூக்கு உடைந்து வாயெல்லாம் ரத்தம். கோட்டுகள் மேல் மல்லாந்து விழுந்தேன். இஸ்திரிப் பெட்டி உருண்டு டேபிள் காலடியில் போய் நின்றது. அவன் டேபிளிலிருந்து பெரிய கத்தரியை எடுத்தான்.

"உன் வாயைக் கிழிச்சாத்தான் இந்தக் கடை உருப்படும்."

கத்தரியோடு என் மேல் குனிந்தான். கைக்குக் கிடைத்த கோட்டைத் தூக்கிப் பிடித்தேன். கத்தரி அதன் இடது தோளில் இறங்கியது. மூன்று அடுக்கு பக்ரம், உள்ளே வளையம் வளையமாகப் பிரம்பு, அதற்கும் உள்ளே அவனே திணிக்கச் சொன்ன அத்தனை பஞ்சு. முனை என் கழுத்துக்கு ஒரு விரல் முன்னால் நின்றுவிட்டது. அதைத் தைத்தவள் நான். என் கைவேலை மேல் அன்றைக்கு வந்த பெருமை எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

உருவப் பார்த்தான், வரவில்லை. பிரம்புக்கு நடுவே சிக்கிக்கொண்டது. நான் கோட்டை உடும்பாகப் பிடித்துக்கொண்டேன். கத்தரியை விட்டுவிட்டு எழுந்திருக்க, வலது கையை டேபிள் விளிம்பில் ஊன்றினான்.

அண்ணி எப்போது இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள் என்று எனக்குத் தெரியாது. இடது கை தொங்கிக்கொண்டிருக்க, வலது கையால் அதைத் தலைக்கு மேல் தூக்கி அந்தக் கையின் மேல் இறக்கினாள். ஒரே தடவை. விரல்கள் நொறுங்கியது பலகை வழியாக எனக்குக் கேட்டது. அவன் போட்ட கூச்சலில் கீழே லேத்தை நிறுத்திவிட்டார்கள்.

நான் கொலைகாரி மாதிரிக் கத்தினேன். "இன்னொண்ணு போடுங்க அண்ணி! மண்டையில போடுங்க!"

அண்ணி பெட்டியை மேஜையில் வைத்தாள். அப்போதும் துணி சுடாதபடி நிமிர்த்தி வைத்தாள். "போதும்டி" என்றாள்.

அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி "அம்மா அம்மா" என்று தரையில் புரண்டான். எனக்கு அழுகை வந்தது. கூடப் பிறந்தவன் இல்லையா. அந்தக் கையை அப்படிப் பார்க்க எனக்கு ஆகவில்லை. ஆனாலும் எழுந்து அவனிடம் போகவில்லை. கதவைத் திறந்து, மேலே ஓடி வந்த லேத்துக்காரரிடம், "ஆஸ்பத்திரிக்கு வண்டி வேணும். மூணு பேருக்கு" என்றேன்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் சொட்டுகிற கையைப் பார்த்ததும் நர்ஸ் அவனிடம் ஓடினாள். டாக்டர் ஒரு சின்னப் பெண். "அவரை உள்ள கூட்டிட்டு வாங்க" என்றாள். அவன் எழுந்தான். அண்ணி முன்னால் போய் வாசல் நிலையில் வலது கையை வைத்து மறித்துக்கொண்டாள்.

"முதல்ல நான்."

"அம்மா, அவருக்கு விரலெல்லாம் நசுங்கியிருக்கு. எப்படி ஆச்சு?"

"நான்தான் அடிச்சேன். இஸ்திரிப் பெட்டியால. எங்க வேணும்னாலும் சொல்றேன்." கையை எடுக்கவில்லை. "ஆனா முதல்ல என்னைப் பாருங்க. என்னோடது பழசு."

டாக்டர் அவள் தோளைப் பார்த்தாள். அது எப்படித் தொங்கியதோ அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணி அதைத் தூக்கி நிறுத்த முயற்சி செய்யவில்லை.

"உள்ள வாங்கம்மா" என்றாள் டாக்டர்.

கதவு சாத்திக்கொண்டது. அண்ணன் கையைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, பெஞ்சில் தன் முறைக்காகக் காத்திருந்தான்.